அல்லேக்ரியின் ‘மிசெரேரே’: ஒரு திருச்சபைப் பாடலின் பதிவுகளைக் கேட்டு மதிப்பிடுவது எப்படி?

ஐரோப்பியத் திருச்சபைகளின் பாடகர் குழு இசையைப் பதிவுகளின் வழியே கேட்கத் தொடங்குபவர் முதலில் திகைப்பது, ஒரே படைப்புக்கு இத்தனை பதிவுகளா என்றுதான். எல்லாமே தூய்மையாகவும் அமைதியாகவும் ஒலிப்பதால், ஒன்றை மற்றொன்றைவிடச் சிறந்தது என்று விமர்சகர்கள் எதை வைத்துச் சொல்கிறார்கள் என்பதும் எளிதில் விளங்குவதில்லை. பொதுவான விதிகளைப் பட்டியலிடுவதைவிட, ஒரே படைப்பை எடுத்துக்கொண்டு அதன் சில பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்பதே இதற்கு நல்ல பயிற்சி. அதற்கு நான் பரிந்துரைப்பது கிரெகோரியோ அல்லேக்ரியின் ‘மிசெரேரே’. இது பெரும்பாலான பதிவுகளில் 12 முதல் 15 நிமிடங்களுக்குள் முடிந்துவிடும், பக்கவாத்தியம் கிடையாது, ஒரே இசை பலமுறை திரும்பத் திரும்ப வருவதால், புதிதாகக் கேட்பவரும் ஒரு பதிவுக்குள்ளேயே ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

அல்லேக்ரி 1582 முதல் 1652 வரை வாழ்ந்தவர். 1629இலிருந்து போப்பின் பாடகர் குழுவில் பாடியவர். வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில், ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில், மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாக அணைத்து நடத்தும் இருள் வழிபாட்டில் பாடுவதற்காக இதை எழுதினார். பாடலின் சொற்கள் தாவீதின் மனம்வருந்தும் சங்கீதம். சீர்திருத்தத் திருச்சபையினருக்கு இது 51ஆம் சங்கீதமாகவும் கத்தோலிக்கருக்கு 51ஆம் திருப்பாடலாகவும் பழக்கமானது. பழைய லத்தீன் வேதாகமத்தில் இதன் எண் 50. ஆகவே சில ஆல்பங்களின் குறிப்பில் 50 என்று இருந்தால் குழம்ப வேண்டியதில்லை. கேட்பதற்கு முன் தமிழ் வேதாகமத்தில் அந்த அதிகாரத்தை ஒருமுறை வாசித்துவிடுங்கள். எந்த வசனத்தில் கெஞ்சல், எந்த வசனத்தில் உறுதி என்பது மனதில் இருந்தால்தான், பாடுபவர்கள் அதை உணர்ந்து பாடுகிறார்களா, வெறும் ஒலியாக உருட்டிவிடுகிறார்களா என்று பின்னால் சொல்ல முடியும்.

அமைப்பைத் தெரிந்துகொள்ளுதல்

இருபது வசனங்களாகப் பிரிக்கப்பட்ட இந்தப் பாடலை மூன்று தரப்பினர் மாறி மாறிப் பாடுகிறார்கள். 1, 5, 9, 13, 17 ஆகிய வசனங்களை ஐந்து பார்ட்டில், அதாவது ஒரே நேரத்தில் ஐந்து வெவ்வேறு இழைகளாக, பாடும் பெரிய குழு பாடுகிறது. 3, 7, 11, 15, 19 ஆகியவை நான்கு பார்ட்டில் பாடும் சிறு குழுவுக்கு உரியவை. இரட்டைப்படை எண் கொண்ட வசனங்களை ஆண் குரல்கள், பார்ட் பிரியாமல், எல்லோரும் ஒரே இழையில் ஓதும் பழைய ஜெபராகத்தில் பாடுகின்றன. கடைசி வசனத்தின் முடிவில் இரு குழுக்களும் ஒன்பது பார்ட்டாகச் சேர்கின்றன. சி.எஸ்.ஐ. ஆலயங்களில் மேல் குரலிலிருந்து கீழ்க்குரல் வரை சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று பிரிந்து பாடிப் பழகியவர்களுக்கு இந்த அமைப்பு உடனே பிடிபடும். மற்றவர்கள் லத்தீன் சொற்களை ஒரு தாளில் எண்ணிட்டு எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் பாடுகிறார்கள் என்று குறித்துக்கொண்டால் போதும்.

குழுக்கள் பாடும் பகுதிகளிலும் பெரும்பாலான அசைகள் ஒரே ஒலிக்கூட்டின் (சேர்ந்து ஒலிக்கும் பல சுரங்களின்) மேல் பேச்சைப் போல ஓதப்படுகின்றன. ஒவ்வொரு பாதி வசனத்தின் முடிவில் மட்டுமே குரல்கள் பிரிந்து அசைகின்றன. எளிமையான இசைதான். அதனாலேயே ஒரு குழுவின் குறைகளை இது மறைப்பதில்லை.

எந்தப் பதிப்பு பாடப்படுகிறது என்று பாருங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவதும், விமர்சகர் முதலில் பார்ப்பதும் இதுதான். ‘மிசெரேரே’ என்ற ஒரே பெயரில் இன்று வெவ்வேறு இசைகள் பாடப்படுகின்றன.

இந்தப் பாடலின் புகழுக்குக் காரணமான உச்ச சுரத்தை, நடு ‘சி’க்கு இரண்டு ஸ்தாயி மேலே, நம் வழக்கில் ஒரு கட்டை என்று சொல்லும் அதே ‘சி’யை, அல்லேக்ரி எழுதவில்லை. சிஸ்டைன் பாடகர்கள் எளிமையான எழுத்துப் பிரதியின் மேல் தாங்களாகவே அலங்காரங்களைச் சேர்த்துப் பாடிவந்தார்கள். அந்த அலங்காரங்கள் தலைமுறைதோறும் மாறின. 1771இல் ஆங்கிலேய இசை வரலாற்றாசிரியர் சார்ல்ஸ் பர்னி லண்டனில் அச்சிட்ட வடிவத்தில் அலங்காரங்கள் இல்லை, அந்த உச்சமும் இல்லை. 1831இல் ரோமுக்குச் சென்ற ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சன், தாம் கேட்ட ஒரு பகுதியை எழுதிவைத்தார். அது வழக்கமான நிலையைவிடச் சட்ஜத்துக்கும் மத்திமத்துக்கும் உள்ள தூரம் அளவுக்கு உயர்ந்திருந்தது. 1880இல் குரோவ் இசை அகராதியில் இந்தப் பாடலைப் பற்றி எழுதிய கட்டுரையாளர், உதாரணம் காட்டும்போது, பழைய நிலையிலிருந்த ஒரு பகுதியையும் மெண்டல்சனின் உயர்ந்த பகுதியையும் ஒன்றாக ஒட்டிவிட்டார். பிற்காலப் பதிப்புகள் அந்த ஒட்டுவேலையைப் பின்பற்றின. சிறு குழுவின் வசனத்தில் இசை பாதியில் திடீரென வேறு நிலைக்குத் தாவுவது போலத் தோன்றினால், உங்கள் காதில் பிழையில்லை. அந்த ஒட்டு உங்களுக்குக் கேட்கிறது, அவ்வளவுதான். மேற்கத்திய திருச்சபை இசையில் மிகவும் விரும்பப்படும் கணங்களில் ஒன்று ஓர் அகராதிக் குளறுபடியிலிருந்து பிறந்தது என்பதற்காக அதை வெறுக்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதைப் பாடாத குழுவை ‘குறை வைத்துவிட்டார்கள்’ என்று எழுதுவது மட்டும் அறியாமை.

பதிப்பு வேறுபாட்டைக் காதால் உணர நான்கு பதிவுகள் போதும். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிப் பாடகர் குழு டேவிட் வில்காக்ஸ் தலைமையில் 1963இல் செய்த பதிவு, ஐவர் அட்கின்ஸ் 1951இல் வெளியிட்ட ஆங்கிலப் பதிப்பைப் பின்பற்றியது. சொற்கள் லத்தீனில் அல்ல, ஆங்கிலத்தில் இருக்கும். பீட்டர் பிலிப்ஸ் நடத்தும் டாலிஸ் ஸ்காலர்ஸ் குழு 1980இல் ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரிச் சிற்றாலயத்தில் செய்த பதிவு, அந்த உச்சத்தை உள்ளடக்கிய பழக்கமான வடிவத்தை லத்தீனில் தருகிறது. 2015இல் சிஸ்டைன் சிற்றாலயப் பாடகர் குழு மாஸ்ஸிமோ பாலொம்பெல்லாவின் தலைமையில், அந்தச் சிற்றாலயத்துக்குள்ளேயே, 1661ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதியை வைத்துப் பாடியது. அங்கே உச்ச சுரத்தை எதிர்பார்த்துக் காத்திருப்பவர் ஏமாறுவார். அ சே வோசி என்ற பிரெஞ்சுக் குழு 1990களில் வெளியிட்ட பதிவில் பழைய பாணி அலங்காரங்கள் தாராளமாக வருகின்றன. இவற்றைத் தவிர, ஹாரி கிறிஸ்டோஃபர்ஸின் தி சிக்ஸ்டீன் குழு 2013இல் வெளியிட்ட வடிவம், வசனத்துக்கு வசனம் பாடலின் வரலாற்று வளர்ச்சியையே நடத்திக்காட்டுகிறது. அதைக் கடைசியாகக் கேட்பது நல்லது. மற்றவற்றைக் கேட்ட பிறகுதான் அதன் சாமர்த்தியம் புரியும்.

இங்கே மொட்சார்ட் கதையைப் பற்றி ஒரு சொல். 14 வயது மொட்சார்ட் 1770 ஏப்ரலில் ரோமில் இதைக் கேட்டு நினைவிலிருந்து எழுதினார் என்று அவருடைய தந்தை கடிதத்தில் தெரிவித்தது உண்மை. வத்திக்கான் பூட்டிவைத்த ரகசியத்தை அந்தச் சிறுவன்தான் முதன்முதலில் உடைத்தான் என்று ஆல்பம் உறைகள் சொல்வது விளம்பரம். அதற்கு முன்பே வத்திக்கானுக்கு வெளியே பிரதிகள் இருந்தன. பதிவை மதிப்பிடும்போது இந்தக் கதைக்கு இடமில்லை.

கேட்பதற்கான ஏற்பாடு

இதில் அதிகம் செலவிடத் தேவையில்லை. சாதாரணமான நல்ல ஹெட்ஃபோன் போதும்; பேஸ் ஒலியைக் கூட்டும் அமைப்புகளை அணைத்துவிட வேண்டும். இரண்டு பதிவுகளை ஒப்பிடும்போது ஒலியளவை ஏறத்தாழச் சமமாக வைத்துக்கொள்ளுங்கள்; சற்றே சத்தமாக ஒலிப்பதைக் காது சிறந்தது என்று எண்ணிக்கொள்ளும். இணையத்தில் தனியார் ஏற்றிய காணொளிகளில் குழுவின் பெயரும் ஆண்டும் பல வேளைகளில் தவறாக இருக்கும் என்பதால், இசை நிறுவனமே வெளியிட்ட பதிவைத் தேடுவது பாதுகாப்பு. ஒவ்வொரு பதிவையும் முதல்முறை நிறுத்தாமல் முழுவதும் கேளுங்கள். வசனம் வசனமாக ஒப்பிடுவது இரண்டாவது சுற்றுக்கு உரியது.

இரட்டைப்படை வசனங்களிலிருந்து தொடங்குங்கள்

எல்லோரும் உச்ச சுரத்தைத் தேடி ஓடுவார்கள். நான் சொல்வது அதற்கு நேர்மாறு: முதலில் ஜெபராகத்தில் பாடப்படும் வசனங்களை மட்டும் கவனியுங்கள். ஒரு குழு எவ்வளவு ஒத்திகை பார்த்திருக்கிறது, நடத்துனர் சொற்களை எவ்வளவு மதிக்கிறார் என்பதெல்லாம் அங்கேதான் வெளிப்படும். பலர் சேர்ந்து ஒரே இழையைப் பாடும்போது ஒளிந்துகொள்ள இடமில்லை.

ஒவ்வொரு வசனமும் இரண்டு பாதிகளாலானது. நடுவில் ஓர் இடைநிறுத்தம் வரும். அந்த இடத்தில் எல்லோரும் ஒன்றாக நிறுத்தி ஒன்றாக மூச்செடுத்து ஒன்றாகத் தொடங்குகிறார்களா என்று பாருங்கள். அடுத்து, அசைகளின் நீளத்தைக் கவனியுங்கள். நல்ல குழு லத்தீன் சொல்லில் அழுத்தம் விழும் அசையைச் சற்றே நீட்டி, மற்றவற்றை இலகுவாகக் கடந்து, தெளிவாக வாசிப்பவரைப் போலப் பாடும். சுமாரான குழு எல்லா அசைகளையும் ஒரே நீளத்தில் தட்டிக்கொண்டே போகும், அல்லது பார்ட் உள்ள அடுத்த வசனத்துக்குச் சீக்கிரம் போய்ச்சேர வேண்டும் என்று அவசரப்படும். இந்த அவசரத்தைப் பிரபலமான பதிவுகளிலும் கேட்கலாம்; என்னைப் பொறுத்தவரை அது பெரிய குறை, ஏனென்றால் பாடலின் பாதி வசனங்கள் அங்கேதான் இருக்கின்றன.

உச்சரிப்பையும் இங்கேயே சோதிக்கலாம். ஆறாம், ஏழாம் வசனங்கள் இரண்டும் ‘எச்சே எனிம்’ என்று தொடங்குகின்றன. ரோமானிய வழக்கில் அது ‘எச்சே’. ஜெர்மானிய வழக்கில் பாடும் குழுக்கள் ‘எக்ட்சே’ என்பார்கள். இரண்டில் எதையும் குறை சொல்ல முடியாது. ஆறாம் வசனத்தில் ஜெபராகம் பாடுபவர் ஒன்றும் ஏழாம் வசனத்தில் சிறு குழு மற்றொன்றுமாகச் சொன்னால்தான் குறை.

சுருதி

பக்கவாத்தியம் இல்லாமல் பாடும் குழு மெல்ல மெல்லச் சுருதி இறங்குவது இயல்பு. இதைக் கண்டுபிடிக்க இந்தப் பாடலில் எளிய வழி உண்டு. பெரிய குழுவின் ஐந்து வசனங்களுக்கும் அடிப்படை இசை ஒன்றே என்பதால், முதல் வசனத்தின் தொடக்க ஒலியையும் பதினேழாம் வசனத்தின் தொடக்க ஒலியையும் அடுத்தடுத்துக் கேட்டாலே இறக்கம் தெரிந்துவிடும். கைபேசியிலுள்ள சுருதிப் பெட்டிச் செயலியை முதல் ஒலியின் அடிச் சுரத்துக்குச் சேர்த்துவைத்து, பிறகு பதினேழாம் வசனத்தோடு ஒலிக்கவிட்டால் இன்னும் துல்லியமாகும். செயலி காட்டும் கட்டையும் ஆல்பம் சொல்லும் சுருதியும் பொருந்தாவிட்டால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம். குழுக்கள் தமக்கு வசதியான சுருதியில் பாடுவது வழக்கம். அந்தக் குழு தன் தொடக்கத்துக்கு உண்மையாக இருக்கிறதா என்பதே கேள்வி.

ஆனால் இந்தச் சோதனையை நியாயமாகப் பயன்படுத்த வேண்டும். ஒலிப்பதிவுக் கூடப் பாணியில் செய்யப்பட்ட பதிவு பல முறை பாடப்பட்ட துண்டுகளை ஒட்டியது. அதில் சுருதி நிலைத்திருப்பது பாடகர்களின் சாதனையா, ஒட்டியவரின் சாதனையா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. நேரடி நிகழ்ச்சியின் பதிவில் எல்லாக் குரல்களும் சேர்ந்து இம்மியளவு இறங்குவதை நான் மன்னித்துவிடுவேன். ஒரு பார்ட் இறங்க மற்றொன்று இறங்காமல் நிற்பதால் ஒலிக்கூடு கசங்குகிறதே, அதை மன்னிப்பது கடினம்.

குரல்களும் இடமும்

மேல் பார்ட்டை யார் பாடுகிறார்கள் என்பது ஒலியின் நிறத்தையே மாற்றிவிடும். அல்லேக்ரியின் காலத்து சிஸ்டைன் குழுவில் பெண்கள் பாடவில்லை. அங்கே மேல் பார்ட்டைப் பாடிய, குரல் மாறாமலிருக்கச் சிறுவயதிலேயே விதையகற்றப்பட்ட ஆண் பாடகர்களின் குரல் இன்று இல்லை; அந்த மரபின் கடைசிப் பாடகர்களுள் ஒருவரான அலெஸ்ஸாண்ட்ரோ மொரெஸ்கியின் தனிக்குரல், 1902இலும் 1904இலும் ரோமில் எடுக்கப்பட்ட தேய்ந்த பதிவுகளில் மட்டும் எஞ்சியிருக்கிறது. ஆகவே சிறுவர் குரல்தான் அசல், பெண் குரல் நவீனக் கலப்பு என்று வாதிடுபவர்கள் இரண்டுமே மாற்று ஏற்பாடுகள் என்பதை மறந்துவிடுகிறார்கள். கிங்ஸ் கல்லூரிப் பதிவில் உச்சத்தைத் தொடுவது அப்போது 12 வயதான ராய் குட்மன்; பின்னாளில் வயலின் கலைஞராகவும் நடத்துனராகவும் பெயர் பெற்றவர். டாலிஸ் ஸ்காலர்ஸின் 1980 பதிவில் அதைப் பாடுபவர் ஆலிசன் ஸ்டாம்ப் என்ற சோப்ரானோ. சிறுவனின் குரலில் ஒரு பலவீனத்தின் அழகும், சோப்ரானோவின் குரலில் நிலைத்த கட்டுப்பாடும் இருக்கின்றன. எது பிடிக்கிறது என்பது உங்கள் விருப்பம். மதிப்பீட்டில் அதை விருப்பம் என்றே எழுதுங்கள்.

இடத்தின் விஷயம் வேறு. ஆலயத்தின் எதிரொலி இந்த இசைக்குக் கூடுதலான ஒரு குரல். அதன் அளவைப் பதிவுப் பொறியாளர் ஒலிவாங்கியின் தூரத்தால் தீர்மானிக்கிறார். ஒரு வசனம் முடிந்ததும் ஒலி எப்படி அடங்குகிறது என்று கவனியுங்கள். அது இயல்பாகத் தேய்ந்து முடிவதற்குள் அடுத்த வசனம் தொடங்கினால், நடத்துனர் அவசரப்படுகிறார் அல்லது ஒட்டு சரியாக விழவில்லை. எதிரொலி நிறைய இருந்தும் மெய்யெழுத்துகள் தெளிவாகக் காதில் விழுந்தால், அது பாடகரும் பொறியாளரும் சேர்ந்து செய்த நல்ல வேலை. சொற்களே புரியாமல் ஒலி மட்டும் மிதந்தால், இனிமை எவ்வளவு இருந்தாலும் மதிப்பைக் குறைக்கலாம். இது மன்னிப்புக் கேட்கும் ஜெபம், அதன் சொற்கள் கேட்கப்பட வேண்டும்.

இரு குழுக்களுக்கும் இடையே தூரம் இருக்கிறதா என்பதும் முக்கியம். டாலிஸ் ஸ்காலர்ஸ் பதிவில் சிறு குழு தொலைவிலிருந்து பாடுவதை ஹெட்ஃபோனில் தெளிவாக உணரலாம். அந்தத் தூரம் இல்லாமல் எல்லோரும் ஒரே இடத்தில் நிற்பது போலப் பதிவானால், மூன்று தரப்பும் மாறி மாறிப் பாடும் நாடகம் தட்டையாகிவிடும்.

இப்போது உச்ச சுரம்

பழக்கமான வடிவத்தில் அந்த ‘சி’ ஐந்து முறை வரும்: 3, 7, 11, 15, 19ஆம் வசனங்களில். முதல் முறையைக் கேட்டு முடிவு கட்டாதீர்கள். ஐந்தையும் கேட்டு, அவற்றுக்கிடையே என்ன மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சுரத்தை நேராகத் தொடுகிறாரா, கீழிருந்து வழுக்கிக்கொண்டு ஏறுகிறாரா? தொட்ட பின் இறங்கும் சுரங்களும் அதே கவனத்துடன் வருகின்றனவா, உச்சத்தைத் தாண்டிய நிம்மதியில் தளர்கின்றனவா? சோப்ரானோ மேலே செல்லும்போது கீழேயுள்ள மூன்று குரல்களும் தம் இடத்தை விடாமல் இருக்கின்றனவா? பதினோராம் வசனம், தூய இருதயத்தைப் படைத்தருளும்படி கேட்பது. பத்தொன்பதாவது, சீயோனுக்கு நன்மை செய்யும்படி கேட்பது. இரண்டும் ஒரே மாதிரி ஒலித்தால் பாடுபவர் சுரத்தைப் பாடுகிறார், சங்கீதத்தைப் பாடவில்லை.

விமர்சகர்கள் செய்வது

பிரிட்டனின் ‘கிராமஃபோன்’ இதழ் 1923இல் தொடங்கப்பட்டது. 1977 முதல் ஆண்டுதோறும் விருதுகள் வழங்குகிறது. 1987இல் டாலிஸ் ஸ்காலர்ஸ் பாடிய, மறுமலர்ச்சிக் கால இசையமைப்பாளர் ஜோஸ்கினின் மிஸ்ஸாக்களின் (திருப்பலிக்கான இசைப் படைப்புகளின்) பதிவு அந்த ஆண்டின் சிறந்த பதிவாகத் தேர்வானது. பழங்கால இசைப் பதிவு ஒன்று அந்தப் பரிசைப் பெற்றது அதுவே முதல்முறை. பிபிசி ரேடியோ 3இல் ஒரே படைப்பின் பல பதிவுகளிலிருந்து சிறு துண்டுகளை ஒலிக்கவிட்டு, ஒவ்வொன்றாகக் கழித்து, கடைசியில் ஒன்றைப் பரிந்துரைக்கும் நிகழ்ச்சி நெடுங்காலமாக நடக்கிறது. புதியவர்களுக்கு விருதுப் பட்டியலைவிட இந்த முறைதான் பயன்படும், ஏனென்றால் காரணம் காதிலேயே விழுகிறது. அமெரிக்காவின் கிராமி விருதில் பாடகர் குழு இசைக்கென்று தனிப் பிரிவு இருந்தாலும், அதில் சமயம் சாராத படைப்புகளும் சேர்ந்தே போட்டியிடுகின்றன என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பரிசு பெற்றது என்ற ஒட்டுத்தாள், அந்த ஆண்டு வெளியானவற்றோடு ஒப்பிட்டதன் முடிவு மட்டுமே.

எழுதும்போது

மதிப்பெண் போடும் வழக்கத்தைத் தொடக்கத்தில் தவிர்ப்பது நல்லது. ஒவ்வொரு பதிவுக்கும் எந்தப் பதிப்பு, எந்த மொழி, மேல் பார்ட்டில் யார், எந்த இடம், நேரடியா ஒட்டியதா என்ற விவரங்களை முதலில் எழுதுங்கள். பிறகு வசன எண்ணைக் குறிப்பிட்டு நீங்கள் கேட்டதை எழுதுங்கள். உங்கள் விருப்பத்தை அதன் கீழே தனியாக எழுதுங்கள். ‘தெய்வீகமாக இருக்கிறது’ என்று எழுதத் தோன்றினால், எந்த வசனத்தில், யாருடைய குரலில் என்று உங்களையே கேளுங்கள். பதில் கிடைத்தால் அந்தப் பதிலை எழுதுங்கள், அந்தச் சொல் தேவைப்படாது. ஒருவர் பெயரைச் சொல்லாமல் பதிவுகளை ஒலிக்கவிட மற்றவர் எழுதுவது என்று இருவராகச் சேர்ந்து செய்தால், புகழ்பெற்ற பெயர்களின் பாரம் குறையும்.

இந்தப் பாடலில் கை பழகியபின் இத்தாலிய இசையமைப்பாளர் பலஸ்த்ரீனா 1567இல் அச்சிட்ட ‘மிஸ்ஸா பாப்பே மார்செல்லி’க்குப் போகலாம். அங்கே ஆறு பார்ட்டுகள் வருவதால், நடுக் குரல்களைத் தனியே பின்தொடரும் பயிற்சி கிடைக்கும். விசுவாச அறிக்கையான ‘கிரேதோ’ பகுதியில் இத்தனை குரல்களுக்கு நடுவேயும் சொற்கள் புரிகின்றனவா என்று சோதியுங்கள். அதற்கடுத்துத் தாமஸ் டாலிஸின் 40 குரல் படைப்பான ‘ஸ்பெம் இன் ஆலியும்’. ஐந்தைந்து குரலாக எட்டுக் குழுக்கள் பாடும் அதை முதல்முறை கேட்கும்போது எதையும் குறிக்க வேண்டாம். இரண்டாம் முறை ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, ஒலி ஒரு குழுவிலிருந்து அடுத்த குழுவுக்கு நகரும் தொடக்கப் பகுதியில் இடமிருந்து வலமாக அந்த நகர்வு தெரிகிறதா, எல்லாம் நடுவில் குவிந்துவிடுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.